கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு

வினாத்தாளை மாணவரின் கையில் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுகிறது கால்டெக். அங்கே படிப்பு, ஆராய்ச்சி, குறும்பு எல்லாமே அந்த நம்பிக்கையை முதலாக வைத்துத்தான் நடக்கின்றன.

வினாத்தாளின் முதல் பக்கத்தில் கேள்வியே இருக்காது. நிபந்தனைகள்தான் இருக்கும். எத்தனை மணி நேரம், ஒரே மூச்சில் எழுத வேண்டுமா, நடுவில் எழுந்து காபி குடிக்கலாமா, பாடப்புத்தகத்தைத் திறக்கலாமா, எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டு மாணவர் தாளோடு கிளம்பிவிடுவார். விடுதி அறையோ நூலகமோ முற்றத்து மரத்தடியோ, நள்ளிரவோ விடியற்காலையோ, தனக்குத் தோதான இடத்தில் தோதான நேரத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். அந்த நொடியிலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவரும் அவரேதான்.

நேரம் முடிந்துவிட்டது, கணக்கு முடியவில்லை என்றால்? பல பாடங்களில் அதற்கும் வழி உண்டு. விடைத்தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இதற்குக் கீழே இருப்பது நேரம் கடந்து எழுதியது என்று குறித்துவிட்டுத் தொடரலாம். அந்தப் பகுதிக்கு மதிப்பெண் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதைப் பேராசிரியர் முடிவுசெய்வார். கோட்டைப் போடாமலே எழுதியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கேமரா கிடையாது, மேற்பார்வையாளர் கிடையாது, பறக்கும் படையும் கிடையாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய பாசடீனா நகரில் இருக்கிறது கலிஃபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. சுருக்கமாக, கால்டெக். நூற்றாண்டுப் பழக்கமான இந்தத் தேர்வு முறைக்கு அடிப்படை, அங்கே ‘ஹானர் கோட்’ என்று அழைக்கப்படும் ஒற்றை வாக்கியம். இந்தச் சமூகத்தில் ஒருவர் இன்னொருவரைக் காட்டிலும் நியாயமற்ற ஆதாயம் எதையும் அடையக் கூடாது என்பதுதான் அதன் சாரம். காப்பியடிக்கக் கூடாது, பிட் வைத்திருக்கக் கூடாது என்று அது தனித்தனியாகப் பட்டியல் போடுவதில்லை. எது நியாயமற்ற ஆதாயம் என்று யோசிக்கும் வேலையை மாணவரிடமே விட்டுவிடுகிறது.

மீறல் நடந்ததாகப் புகார் வந்தால் விசாரிப்பது மாணவர்களே நடத்தும் ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’. விசாரணை ரகசியமாக நடக்கும். குற்றம் நிரூபணமானால், தவறாகக் கிடைத்த ஆதாயத்தை முதலில் ரத்துசெய்ய வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. ஒரு கேள்விக்கு விடையைப் பார்த்து எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண் போகும். விவகாரம் பெரிதாக இருந்தால், மாணவரைச் சில காலம் வெளியே அனுப்பும்படி டீனுக்குப் பரிந்துரை போகும்.

ஒரு பள்ளிக்கூடத்து அளவு

இப்படியொரு ஏற்பாடு எல்லா இடத்திலும் எடுபடாது. கால்டெக்கில் எடுபடுவதற்கு முதல் காரணம், அதன் அளவு. இளநிலை மாணவர்கள் சுமார் ஆயிரம் பேர். முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் சுமார் 1,400 பேர். பேராசிரியர்கள் ஏறக்குறைய முந்நூறு. மூன்று இளநிலை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம். நம் ஊரில் ஒரு நடுத்தரப் பொறியியல் கல்லூரியின் ஒரே துறையில் இதைவிட அதிகம் பேர் படிக்கலாம். 124 ஏக்கர் வளாகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேசிக்கொண்டே நடந்து கடந்துவிடலாம். யார் எந்த ஆய்வகத்தில் இருக்கிறார், யார் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சின்ன இடத்திலிருந்துதான் 45-க்கும் மேற்பட்ட நோபல் பரிசாளர்கள், முன்னாள் மாணவர்களாகவோ ஆசிரியர்களாகவோ, வந்திருக்கிறார்கள். பாசிட்ரானைக் கண்டறிந்த கார்ல் ஆண்டர்சன் இளநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் இங்கேதான் வாங்கினார். 1936-ல் நோபல் பெற்றபோது அவருக்கு வயது 31. வேதியியலுக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று என இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங், குவாண்டம் மின்னியக்கவியலில் பெயர்பெற்ற ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த லைகோ திட்டத்தின் கிப் தார்ன், பாரி பேரிஷ், நொதிகளைப் பரிணாம முறையில் வடிவமைத்த ஃபிரான்சஸ் ஆர்னல்டு ஆகியோர் இங்கே பாடம் நடத்தியவர்கள்.

1891-ல் ஏமஸ் த்ரூப் என்ற உள்ளூர் பிரமுகர் தொடங்கியபோது அது ஒரு சாதாரணத் தொழிற்கல்வி நிலையம். வானியலாளர் ஜார்ஜ் ஹேல், வேதியியலாளர் ஆர்தர் நாய்ஸ், இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் ஆகிய மூவரும்தான் அதை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமாக மாற்றினார்கள். 1920-ல் இப்போதைய பெயர் வந்தது. அடுத்த நான்காவது ஆண்டே மில்லிகனின் அழைப்பில் அங்கே சில மாதங்கள் வருகைப் பேராசிரியராக இருந்துவிட்டு வந்தார் சர் சி.வி.ராமன்.

‘செட்’ முடிந்ததா?

கால்டெக் விடுதிகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் அதிகம் கேட்கக்கூடிய கேள்வி இதுதான். வாரா வாரம் ஒவ்வொரு பாடத்திலும் கொடுக்கப்படும் கணக்குத் தொகுப்புக்குப் பெயர் ‘ப்ராப்ளம் செட்’. பேச்சுவழக்கில் வெறும் ‘செட்’. பாடப்புத்தகத்தின் எடுத்துக்காட்டைப் பார்த்து எண்களை மாற்றிப் போட்டு முடித்துவிடும் ரகமல்ல. ஒரு கணக்கே ஓர் இரவை விழுங்கிவிடும். அதனால் கூட்டாகச் சேர்ந்து போட பெரும்பாலான பாடங்கள் அனுமதிக்கின்றன. கரும்பலகையைச் சுற்றி நான்கைந்து பேர் நின்று வாதாடலாம். ஆனால், கலைந்து போனபிறகு ஒவ்வொருவரும் தன் விடையைத் தானே, தனக்குப் புரிந்தவரை எழுத வேண்டும். அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதக் கூடாது. எது கூடும், எது கூடாது என்று சில பாடங்களில் ஓர் அட்டவணையே போட்டுக் கொடுப்பார்கள்: பாடப்புத்தகம், வகுப்புக் குறிப்பு, சக மாணவர், முந்தைய ஆண்டு விடைகள், கால்குலேட்டர் என்று ஒரு பக்கம்; செட், தேர்வு என்று மறுபக்கம்; நடுவில் ஆம், இல்லை.

பட்டம் வாங்க 486 யூனிட்டுகள் வேண்டும். ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர உழைப்பு; வகுப்பு, ஆய்வகம், வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து. ஆண்டுக்கு மூன்று பருவம், நான்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு. வகுத்துப் பார்த்தால் வாரத்துக்குச் சுமார் நாற்பது மணி நேரம் வருகிறது. அது காகிதத்தில் உள்ள கணக்கு. உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள்.

யாராக இருந்தாலும் ‘கோர்’ எனப்படும் பொதுப் பாடத்திட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும். கணினி படிக்க வந்தவரும் இயற்பியலைத் தொட வேண்டும். இயற்பியல் படிக்க வந்தவரும் உயிரியல் எழுத வேண்டும். அதோடு 108 யூனிட் கலை, சமூக அறிவியல் பாடங்கள். அதாவது மொத்தப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இலக்கியம், வரலாறு, தத்துவம், பொருளியல். அறிவியல் வெறியர்களின் கூடாரம் என்று நினைத்து வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான்.

இரண்டாவது அதிர்ச்சி இதமானது. முதலாம் ஆண்டின் முதல் இரண்டு பருவங்களுக்கு கிரேடு கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்து பழகியவர்கள்தான் இங்கே வருகிறார்கள். வந்த இடத்தில் எல்லோருமே முதலிடத்துக்காரர்கள். அந்த அடியைத் தாங்கிக்கொள்ளவும் செட்டுகளின் வேகத்துக்குப் பழகவும் கொடுக்கப்படும் அவகாசம் அது.

இந்தப் பாடத்திட்டத்தின் புகழ்பெற்ற பரிசோதனை 1961 முதல் 1963 வரை நடந்தது. முதல் இரண்டாண்டு மாணவர்களுக்கான இயற்பியலை அடியோடு மாற்றி எழுதும் பொறுப்பு ஃபெய்ன்மனிடம் வந்தது. அவர் பேசப் பேசப் பதிவுசெய்து, ராபர்ட் லெய்ட்டன், மேத்யூ சாண்ட்ஸ் ஆகியோர் தொகுத்த மூன்று தொகுதிகள் இன்று உலகம் முழுக்க இயற்பியல் மாணவர்களின் அலமாரியில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், மாணவர்களின் கோணத்தில் அந்த வகுப்புகள் பெரிதாக வெற்றிபெறவில்லை என்று முன்னுரையிலேயே எழுதியவர் ஃபெய்ன்மன்தான்.

குடும்பமாகும் விடுதிகள்

கால்டெக்கில் விடுதிக்குப் பெயர் ‘ஹவுஸ்’. பிளாக்கர், டாப்னி, ஃபிளெமிங், ரிக்கெட்ஸ் ஆகிய நான்கும் 1931-ல் கட்டப்பட்டவை. லாயிட், பேஜ் போன்றவை 1960-ல் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், தனிச் சடங்கு, தனி அரசியல். புதிதாக வரும் ‘ஃப்ரோஷ்’கள், அதாவது முதலாமாண்டு மாணவர்கள், தொடக்கத்தில் ஒவ்வொரு ஹவுஸாகப் போய் விருந்துண்டு, பேசிப் பார்த்து, தங்களுக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்துவார்கள். ‘ரொட்டேஷன்’ என்று இதற்குப் பெயர். கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று எடைபோடும்.

இரவு உணவுக்கு ஹவுஸ் முழுக்க ஒன்றாக உட்காரும் வழக்கம் உண்டு. பரிமாறுபவர்களும் மாணவர்களே. சாப்பாடு முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்பது போன்ற சில்லறை விதிகள் ஹவுஸுக்கு ஹவுஸ் மாறும். மூன்றாமாண்டு மாணவரிடம் முதலாமாண்டு மாணவர் பாடச் சந்தேகம் கேட்பதும், எந்தப் பேராசிரியரின் ஆய்வகத்தில் இடம் கிடைக்கும் என்று விசாரிப்பதும் இந்த மேசையில்தான்.

பருவத் தேர்வு வாரத்தில் காலை ஏழு மணிக்கு வாக்னரின் ‘ரைடு ஆஃப் தி வால்கிரீஸ்’ இசை ஹவுஸ்களில் அலறும். மற்ற நாட்களில் அதைப் போடுவது பெரிய குற்றம். இங்கே படித்த ஹாரிசன் ஷ்மிட் 1972-ல் அப்பல்லோ 17-ல் நிலவுக்குப் போனபோது, விண்வெளி வீரர்களை எழுப்பவும் அதே இசை ஒலித்தது.

ஆய்வகத்தின் கதவு

முதலாமாண்டு முடிந்த கோடையிலேயே ஒரு மாணவர் ஆராய்ச்சிக்குள் போய்விட முடியும். 1979 முதல் நடக்கும் ‘சர்ஃப்’ திட்டம் அதற்காகத்தான். மாணவர் ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்து, அவரோடு பேசி, என்ன செய்யப்போகிறோம் என்று தானே ஒரு திட்ட அறிக்கை எழுதித் தர வேண்டும். தேர்வானால் பத்து வாரம் உதவித்தொகையோடு வேலை. இடையில் அறிக்கைகள், கடைசியில் கட்டுரை, அரங்கில் உரை. இந்தியாவின் ஐ.ஐ.டி. உள்ளிட்ட வெளிநாட்டுக் கல்லூரிகளின் மாணவர்களும் இதற்கு விண்ணப்பித்துப் போய்வருகிறார்கள்.

மாணவரை நம்பி ஆய்வகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு கால்டெக்கிடம் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1936-ல் ஃபிராங்க் மலினா என்ற ஆராய்ச்சி மாணவர், ராக்கெட் எஞ்சின் செய்கிறேன் என்று கிளம்பினார். அப்போது ராக்கெட் என்றால் மாயாஜாலக் கதைச் சமாசாரம். அவரோடு சேர்ந்த ஜாக் பார்சன்ஸ், எட் ஃபோர்மன் இருவரும் கால்டெக் மாணவர்களே அல்ல. ஆனாலும் விமானவியல் ஆய்வகத்தின் தலைவர் தியோடர் ஃபான் கார்மான், செய்து பாருங்கள் என்று அனுமதித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று, பாசடீனாவின் அரோயோ சேகோ வறண்ட ஆற்றுப்படுகையில் சோதனை. கடைசி முயற்சியில் ஆக்சிஜன் குழாய் தீப்பற்றித் துள்ளித் துள்ளிச் சீற, எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். பிறகு வளாகத்துக்குள்ளும் விபத்து நடக்க, ‘தற்கொலைப் படை’ என்று சக மாணவர்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் படையின் வாரிசுதான் ஜெட் ப்ரொபல்ஷன் லெபாரட்டரி. இன்று நாசாவுக்காக கால்டெக் நிர்வகிக்கும் அந்த மையம்தான் வாயேஜர் விண்கலங்களையும் செவ்வாயில் ஓடும் ஊர்திகளையும் உருவாக்கியது.

அதே விமானவியல் ஆய்வகத்துக்கு 1940-களின் இறுதியில் ஓர் இந்திய மாணவர் வந்துசேர்ந்தார். ஹான்ஸ் லீப்மனின் வழிகாட்டுதலில் 1951-ல் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பினார். அவர் சதீஷ் தவான். 1971 டிசம்பரில் விக்ரம் சாராபாய் திடீரென இறந்தபோது, விடுப்பில் கால்டெக்கில்தான் இருந்தார் தவான். இந்தியாவின் விண்வெளித் திட்டத்தை ஏற்று நடத்த இந்திரா காந்தி அழைத்த செய்தி அவருக்கு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் 2002 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குறும்புக்கும் உண்டு இலக்கணம்

ஆண்டுதோறும் மே மாத வாக்கில் ஒரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல், இறுதியாண்டு மாணவர்கள் வளாகத்தைவிட்டு ஓடிவிடுவார்கள். ‘டிட்ச் டே’. வகுப்புகள் நடக்காது. தேதி பரம ரகசியம். காலை எட்டு மணிக்குமேல் வளாகத்தில் அகப்படும் இறுதியாண்டு மாணவரை ஜூனியர்கள் டேப் சுற்றி மரத்தோடு கட்டிவைத்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் சீனியர்கள் இல்லாத நேரத்தில் ஜூனியர்கள் அவர்கள் அறைக்குள் புகுந்து அட்டகாசம் செய்வார்கள். அதைத் தடுக்க, கதவுக்குப் பின்னால் எதையாவது அடுக்கி வைக்கப்போய், ‘ஸ்டாக்’ என்ற கலையே பிறந்தது. சிலர் கான்கிரீட்டால் அடைத்தார்கள். சிலர் புதிர் விடுவித்தால் மட்டும் திறக்கும் மின்பூட்டு செய்தார்கள். இன்னும் சிலர் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, இன்னின்னதைச் செய்து முடித்த பிறகே உள்ளே வரலாம் என்று ஒரு காகிதத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பெயர் ‘ஹானர் ஸ்டாக்’. ஜூனியர்களும் திறந்த கதவுக்கு வெளியே நின்று, சொன்னதையெல்லாம் செய்து முடித்தபிறகே கால் வைப்பார்கள். உள்ளே அவர்களுக்குத் தின்பண்டங்கள் காத்திருக்கும். அறையை நாசம் செய்யாமல் இருப்பதற்கான லஞ்சம் அது. இன்று ‘ஸ்டாக்’ என்பது நகரம் முழுக்க ஓடித் தேடும் நாள் முழுவதுமான புதிர் விளையாட்டாக வளர்ந்துவிட்டது.

வளாகத்துக்கு வெளியே போன குறும்புகளில் 1961 ரோஸ் பௌல் கால்பந்துப் போட்டிதான் இன்றைக்கும் தலைசிறந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, சைகை கொடுத்ததும் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்துப் படமும் எழுத்தும் காட்டுவார்கள். கால்டெக் மாணவர் ஒருவர் பள்ளி நிருபர் வேடத்தில் போய் அந்த ஏற்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, அட்டைகளுக்கான வழிகாட்டித் தாள் ஒன்றைக் கடத்தி, அதேபோல 2,232 தாள்களை அச்சடித்து, ஒவ்வொன்றிலும் கையால் குறியீடுகளை மாற்றி, அசல் கட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். இடைவேளையில், தேசியத் தொலைக்காட்சி நேரலையில், வாஷிங்டன் ரசிகர்கள் தங்களுக்கே தெரியாமல் பிரம்மாண்டமாகக் காட்டிய எழுத்து: கால்டெக். போட்டியில் விளையாடாத, அந்த மட்டத்தில் விளையாடவே முடியாத ஒரு கல்லூரியின் பெயர்.

விளையாட்டு என்று வந்தால் கால்டெக்கின் கதை வேறு. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி தன் லீக்கில் 1985-லிருந்து தொடர்ந்து 310 ஆட்டங்களில் தோற்றது. 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று ஒரே புள்ளியில் வென்றபோது, மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கொண்டாடியதில் உலகக் கோப்பையே தோற்றுப்போகும்.

யாருக்கான இடம்?

நம்பிக்கையின் வட்டத்துக்குள் யாரெல்லாம் இருந்தார்கள் என்ற கேள்விக்கு கால்டெக்கின் பதில் நீண்ட காலம் சங்கடமானதாகவே இருந்தது. இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்ததே 1970-ல்தான். 2024 இலையுதிர்காலத்தில் சேர்ந்த முதலாமாண்டு வகுப்பில் பெண்கள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டினார்கள். அதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வளாகத்தின் உயரமான கட்டடத்துக்கு மில்லிகன் பெயர் இருந்தது. கால்டெக்கைக் கட்டியெழுப்பிய மில்லிகன், ‘தகுதியற்றோர்’ பிள்ளை பெறக் கூடாது என்று கட்டாயக் கருத்தடையைப் பரப்பிய அமைப்பு ஒன்றின் அறங்காவலராகவும் இருந்தவர். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மனு கொடுத்தார்கள். குழு அமைத்து விசாரித்தார்கள். 2021-ல் அவர் பெயரும் அதே அமைப்போடு தொடர்புடைய வேறு சிலரின் பெயர்களும் நீக்கப்பட்டன. ரடாக் ஹவுஸ் இப்போது வெனரபிள் ஹவுஸ். 1932-ல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் கிராண்ட் வெனரபிளின் பெயர் அது.

படிப்பின் சுமையும் சும்மா விடுவதில்லை. 2009-ல் சில மாதங்களுக்குள் மூன்று மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டது வளாகத்தையே உலுக்கியது. யாரும் கண்காணிக்காத இடத்தில் யாரும் கவனிக்காமலும் போய்விடக்கூடும் என்ற அச்சம் அப்போது எழுந்தது. செலவும் சாதாரணமானதல்ல. கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலரைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை இல்லாவிட்டால் பலருக்கு எட்டாக்கனிதான். அதேசமயம், முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதற்காகச் சேர்க்கையில் சலுகை தரும் அமெரிக்கப் பழக்கம் இங்கே இல்லை.

புதிதாக வந்த பக்கத்து இருக்கைக்காரர்

இப்போது எல்லா வளாகங்களையும் போல கால்டெக்கின் கதவையும் சாட்ஜிபிடி தட்டிவிட்டது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து எழுதும் தேர்வில் பாடப்புத்தகத்தைத் திறக்காமல் இருப்பது ஒரு மன உறுதி. எந்தக் கணக்கையும் படிப்படியாகப் போட்டுக்காட்டும் கருவி அதே மேசையில், அதே மடிக்கணினியில் திறந்திருக்கும்போது தேவைப்படுவது வேறு அளவு உறுதி. கலிஃபோர்னியாவிலேயே, 1921 முதல் ஹானர் கோட் வைத்திருந்த ஸ்டான்ஃபோர்டு, 2023-ல் தேர்வறையில் கண்காணிப்பாளரை நிறுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது.

கால்டெக்கில் இந்தக் கருவிகள் குறித்த விதி பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. நிரல் எழுதத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பவரும் உண்டு, தொடவே கூடாது என்பவரும் உண்டு. ஆக, பாசடீனாவில் கால்வைக்கும் இருநூற்றுச் சொச்சம் ஃப்ரோஷ்களின் முன்னால் பருவத் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இந்தப் பாடத்தில் இந்தக் கருவி அனுமதியா, இல்லையா? விடை அந்தந்தப் பாடத்தின் விதிமுறைத் தாளில் இருக்கும். அதன்படி நடந்தார்களா என்பது வழக்கம்போல அவர்களுக்குத்தான் தெரியும்.